கம்பம் பள்ளத்தாக்கும் கிராமத் தொழில்களும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தொழில் வளர்ச்சி என்றதும் புகைபோக்கிகளும் பெரிய ஆலைகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. நம் பள்ளத்தாக்கின் வரலாறோ தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் அயரா முயற்சியால் 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை நிறைவெய்தியது. மேற்கே கடலை நோக்கி ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. 1958-இல் லோயர் கேம்ப்பில் அதே நீர் மின்சாரமும் தரலாயிற்று. சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீரே நம் இருபோக வயல்களிலும் பாய்கிறது. தொழிலும் உழவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எந்தத் தொழில் எங்கே அமையும் என்பதை 1909-இல் ஆல்பிரட் வெபர் என்ற ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து கூறினார். பக்குவப்படுத்தும்போது எடை குறையும் பொருளை விளையும் இடத்திலேயே பக்குவப்படுத்துவது இலாபம் என்பது அவர் கருத்து. கரும்பு விளையும் இடத்தருகே சர்க்கரை ஆலை அமைவது இதனாலேயே. பச்சை ஏலக்காயை மலைத்தோட்டத்திலேயே உலர்த்தி, காயாகப் போடிநாயக்கனூருக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே தரம் பிரித்தல், ஏலம் விடுதல் என்னும் வேலைகள் பலருக்குப் பிழைப்பு அளிக்கின்றன.

திராட்சையின் நிலை என்ன? கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் அறுவடையாகும் சிறப்பும் அதற்கு உண்டு. ஆயினும் பறித்த பழம் நாள் தாங்காது. மழை பெய்தால் பழம் வெடிக்கும். வரத்து மிகுந்தால் விலை சரியும். வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பதைத் தவிர விவசாயிக்கு வழியில்லை. விடியுமுன்னரே நம் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து மலைப்பாதை ஏறி, இடுக்கித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். பழச்சாறும் பாகும் இங்கேயே ஆயத்தமானால், அவர்களுள் சிலருக்காவது ஊரிலேயே வேலை கிடைக்கும்.

இவ்விடத்தில் நம் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் கூறவேண்டும். முன்பு நாம் பணியாற்றிய வட்டாரம் ஒன்றில், விளைபொருள்களை உலர்த்தப் பொதுக் களமும் கொட்டகையும் அமைக்கப் பரிந்துரைத்தோம். கட்டடம் எழுந்தது, திறப்பு விழாவும் நடந்தது. ஆனால் அதை யார் நடத்துவார், மின்கட்டணத்தை யார் செலுத்துவார், சரக்கை எங்கே விற்பார் என்று நாம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. மக்களின் வரிப்பணம் அங்கே முடங்கியது. அந்தத் தவறு இங்கே நேரலாகாது.

ஆகவே, தொழிற்கூடம் வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். முதலாவது, மூலப்பொருள் ஆண்டில் எத்தனை மாதம், எவ்வளவு கிடைக்கும்? இரண்டாவது, தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும்? முல்லைப் பெரியாற்றிலோ கண்மாயிலோ கழிவைக் கலக்கும் தொழில், எத்தனை வேலை தந்தாலும் நமக்குக் கேடே. மூன்றாவது, கணக்கு எழுதுவார் யார், வாங்குவார் யார்? உழவர் உற்பத்தியாளர் குழுவோ மகளிர் குழுவோ பெயர் கொடுத்துப் பொறுப்பேற்ற பின்னரே கட்டடத்திற்கு இடம் பாருங்கள்.

போக்குவரத்து வசதியும் நமக்குத் துணை நிற்கிறது. பாதையை அகலமாக்குவதற்காகப் பல்லாண்டுகள் நின்றிருந்த ரயில், 2023-இல் மீண்டும் போடிக்கு வந்துவிட்டது. விளைபொருளை மட்டும் வெளியே அனுப்பி, நம் பிள்ளைகளையும் வேலை தேடி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் இவ்வசதிகளால் நமக்குப் பயன் சிறிதே.

அடுத்த கிராம சபைக்கு இம்மூன்று கேள்விகளின் விடைகளை எழுதிக் கொண்டுவாருங்கள். திட்டம் தீட்டுவதில் நம் அலுவலகம் உடனிருந்து உதவும். நடத்துவது உங்கள் கையில் இருக்கிறது.