மறக்க முடியாத நாளை எழுதுவது எப்படி?



கதைக் கட்டுரையை எப்படித் தொடங்குவாய் என்று தமிழ்ப்பள்ளி மாணவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புவான். பறவைகள் இன்னிசை பாடும். அம்மா பசியாறத் தோசை சுட்டுக் கொண்டிருப்பார். பிறகு ஒரு விபத்து நடக்கும். இறுதியில் "எழுந்திரு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது" என்று அம்மா தட்டி எழுப்புவார். எல்லாம் கனவு! நானும் இப்படி எழுதியவள்தான். ஆகவே, மாணவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

1999-இல் நான் ஆறாம் ஆண்டு படித்தபோது, 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சுற்றுலா சென்றதாகவும், அங்கு மூழ்கிய சிறுவனைக் காப்பாற்றியதாகவும் எழுதினேன். போர்ட்டிக்சனை அதுவரை நான் பார்த்ததே இல்லை. நீந்தவும் தெரியாது. நல்ல புள்ளிகள் கிடைத்தன!

அதே மாதம்தான் எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, நாங்கள் லயத்தைவிட்டு வெளியேறினோம். லோரியில் சாமான்களை ஏற்றி முடித்தும் அப்பாவைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். பால்வெட்டும் உளியை மாட்டி வைத்திருந்த ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கொண்டிருந்தார்.

"ஆணி எதுக்குப்பா?" என்றேன்.

"புது வீட்டுல அடிக்கலாம்."

நாங்கள் போனது அடுக்குமாடியில் ஒரு வாடகை வீடு. அங்கே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உளிக்கும் அங்கே வேலை இல்லை. அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆணி இன்னும் அம்மாவின் தையல் பெட்டியில் கிடக்கிறது.

இதெல்லாம் கட்டுரையாகும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

இன்று அந்த நாளை எழுதச் சொன்னால், தோட்டத்தின் வரலாற்றில் தொடங்க மாட்டேன். லோரி வந்து நிற்பதிலிருந்து தொடங்குவேன். ஒரு மணி நேரத்தில் நடந்தது போதும். காலையில் பல் துலக்கியதெல்லாம் வேண்டாம். 'அப்பா மிகவும் வருந்தினார்' என்றும் எழுத மாட்டேன். ஆணியைப் பிடுங்குவதைக் காட்டினால் வருத்தம் தானாக வந்துவிடும். உரையாடல் இரண்டு மூன்று வரி இருந்தால் போதும். ஆனால், பேசுகிறவர் யார் என்பது பேச்சிலேயே தெரிய வேண்டும். பால்மரம் வெட்டிய அப்பா, "நான் மிகுந்த மனவேதனை அடைகிறேன்" என்று பேசினால் யார் நம்புவார்கள்? (பேச்சு வழக்கை எழுதலாமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சிலர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்கள்.)

புள்ளிகள் குறைந்துவிடாதா என்பது பெற்றோரின் கவலை. நியாயமான கவலைதான். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டாலும் எஸ்.பி.எம். இருக்கிறதே! உவமைத்தொடர், மரபுத்தொடர் எல்லாம் படிக்கத்தான் வேண்டும். பொருந்துகிற இடத்தில் ஒன்று போதும். இருபதையும் ஒரே பக்கத்தில் திணித்தால் கட்டுரை முழி பிதுங்கும்.

நம் நாட்டில் கதை எழுதக் கற்றுக் கொடுப்பது புதிதல்ல. 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழ் வழியாகவே கதை வகுப்பு நடத்தினார்கள். பத்திரிகையைப் படித்துப் பயின்றவர்கள் பிறகு எழுத்தாளர்களாக வந்தார்கள். வீட்டில் நாம் ஓர் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் தலைப்பு எதுவும் கொடுக்காதீர்கள். இந்த வாரம் நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல் என்று கேளுங்கள். கைத்தொலைபேசி உடைந்தது, தாத்தாவுக்கு மருந்து தீர்ந்துபோனது, எதுவாகவும் இருக்கட்டும். சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். வீட்டுச் சங்கதி வெளியே போகிறதே என்று தடுக்காதீர்கள். எழுதி முடித்ததும் உடனே பேனாவை எடுத்துத் திருத்த வேண்டாம். முதலில் ஒரு தடவை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.