சொல் கேட்கும் நாய்



பட்டிக்கும் களத்துக்கும் காவலாக நாம் நாய் வளர்க்கிறோம். அழைத்தால் வாராத நாய் வழிப்போக்கரைக் கடிக்கும்; அயலார் ஆட்டைத் துரத்தும்.

"வா", "உட்கார்", "நில்" என்னும் மூன்று சொற்களைப் பழக்குவோம். வீட்டார் அனைவரும் அதே சொற்களையே வழங்குதல் வேண்டும். சொன்னபடி செய்த அக்கணமே ஒரு சோற்றுருண்டை கொடுப்போம். தாமதித்தால் அது எதற்கென நாய் அறியாது. நாளும் இருமுறை, 5 நிமிடம் போதும். முதலில் முற்றத்திலும், பின்னர் தெருவிலும், இறுதியில் கயிற்றில் பிடித்து ஆடுகளின் அருகிலும் பழக்குவோம். அழைத்தவுடன் வந்த நாயை எக்காரணத்தாலும் அடித்தலாகாது. அடிபட்டது மறுமுறை வாராது.

வெறிநோய் அறிகுறி கண்டபின் பிழைத்தல் மிக அரிது. ஆண்டுதோறும் தடுப்பூசிக்கு நம் நாய்கள் நம் சொற்கேட்டு அமைதியாக நிற்கட்டும்.