எள்ளும் வெல்லமும் எழுத்தும்

 

இன்று விடுமுறை. இந்தச் சின்னப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க வேண்டிய நாள். ஆனால் வாசலில் கோலம் இருக்கிறது. சுவரில் கரும்பு சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் பொங்கல் பானை. இன்னொரு பக்கம் தட்டு நிறைய எள்ளு-பெல்லா. வெள்ளை எள், பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரை, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஆகிய ஐந்தும் கலந்தது. கன்னடம் பேசும் தொண்டர்கள் வீட்டில் செய்து கொண்டு வந்தார்கள். சங்கராந்தி அன்று கர்நாடகப் பெண்கள் இதை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பார்கள். வாங்கித் தின்றவர் இனிமையாகப் பேச வேண்டும் என்பது வழக்கம்.

"இந்தத் தொண்டர்களுக்கு வீடு வாசல் இல்லையா? பண்டிகை நாளில் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காரணம் இருக்கிறது.

பெங்களூரைச் சுற்றிப் படிக்க வருகிறவர்களில் பலர் சித்தாள் வேலை செய்கிறார்கள். சிலர் கார்மெண்ட்ஸ் போகிறார்கள். சிலர் பூத்தோட்டத்தில் பூப் பறிக்கிறார்கள். அவர்களுக்கு வெளிச்சம் இருக்கும்போது ஓய்வு கிடைப்பது விடுமுறை நாளில்தான். அதுமட்டும் அல்ல. பண்டிகைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் ஊருக்குப் போனால் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடுகிறது. திரும்பி வந்தால் பாதி எழுத்து மறந்திருக்கும். "மறுபடியும் அ, ஆவிலிருந்தா?" என்ற வெட்கத்திலேயே பலர் வகுப்புப் பக்கம் வருவதில்லை. பண்டிகை முடிந்த மாதத்தில்தான் மையங்கள் காலியாகின்றன. அதனால்தான் ஊருக்குப் போகாமல் இருக்கிறவர்களையாவது பண்டிகையோடு சேர்த்தே கூட்டி உட்கார வைக்கிறார்கள்.

இது புது வழக்கம் அல்ல. புதுக்கோட்டைக் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே 5 அன்று தொடங்கியது. 15 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு எழுத்தறிவு தருவது அதன் நோக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். சொல்லித் தந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளே. அவர்களில் பலர் இளம்பெண்கள். சம்பளம் கிடையாது. கல் உடைப்பவர்களும் களை எடுப்பவர்களும் வேலை முடிந்து இரவில் வந்தார்கள். பாடமும் அவர்கள் வாழ்க்கையிலிருந்தே தொடங்கியது. முதல் பாடத்தில் வந்த சொற்கள் பட்டா, படி. அம்மா, ஆடு அல்ல. நிலம் இல்லாதவர் முதலில் எழுதக் கற்ற சொல் பட்டா என்றால், அந்தப் புத்தகம் எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

வகுப்புக்குப் பெண்கள் எப்படிப் போவது, வருவது? பேருந்து குறைவு. பெண் சைக்கிள் ஓட்டினால் ஊர் கேலி பேசியது. அதனால் எழுத்தோடு சைக்கிளும் சொல்லித் தந்தார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். 1992 மார்ச் 8, உலக மகளிர் தினம். அன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் போனார்கள். சொல்லித் தந்தவரும் படித்தவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். அதே மாவட்டத்தில் கல் குவாரிகள் சிலவற்றின் குத்தகை பெண் தொழிலாளர் குழுக்களுக்குக் கிடைத்தது. குத்தகை கிடைத்தால் கணக்கு எழுத வேண்டும் அல்லவா? எழுத்து அங்கே உதவியது.

தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் இடத்தில் 2009 செப்டம்பர் 8 அன்று சாக்‌ஷர் பாரத் வந்தது. 2022 முதல் புதிய திட்டம் நடக்கிறது. உல்லாஸ் என்பது அதன் பெயர். பெயர் மாறினாலும் சொல்லித் தருகிறவருக்கு இன்றும் சம்பளம் இல்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். பண்டிகை என்றால் சாப்பாடும் புதுத் துணியும் மட்டுமா? வேலைக்குப் போகிறவர்களுக்குப் பண்டிகை என்றால் கணக்குத் தீர்க்கிற நாள். அட்வான்ஸ் கழித்து மேஸ்திரி பணம் கொடுக்கிற நாள். அதனால் பண்டிகைக்கு முந்தின வகுப்பில் தொண்டர்கள் வேறு பாடம் எடுப்பதில்லை. கணக்குப் பாடம்தான்.

ஒரு மையத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் நடந்ததைக் கேளுங்கள். நடுத்தர வயது அம்மா ஒருவர். சித்தாள் வேலை. 26 நாள் வேலை செய்திருந்தார். ஒரு நாள் கூலி 500 ரூபாய். ஆக 13,000. வாங்கிய அட்வான்ஸ் 4,000. மீதி 9,000. மேஸ்திரி நோட்டில் 8,000 என்று இருந்தது. முன்பெல்லாம் அவர் கட்டைவிரலை நீட்டிவிடுவார். அன்று நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "அண்ணே, இதுல ஆயிரம் குறையுதே" என்றார். மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. டீ, டிபன் என்று 400 கணக்குச் சொன்னார். "அப்போ மீதி 600?" என்று கேட்டார் அந்த அம்மா. 600 கைக்கு வந்தது. அந்த டீக்கணக்கு சரிதானா என்பது வேறு விஷயம். ஆனால் அடுத்த வாரம் அவரோடு வேலை செய்கிற மூன்று பெண்கள் மையத்துக்கு வந்தார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெங்களூரில் தமிழ் மட்டும் படித்தால் போதாது. பஸ் பலகை கன்னடத்தில் இருக்கும். ரேஷன் கடைப் பலகையும் கன்னடத்தில் இருக்கும். தமிழில் ஒரே 'க' இருக்கிற இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்து இருக்கிறது. படிக்கிறவர்கள் திணறுகிறார்கள். சொல்லித் தரத் தமிழ்த் தொண்டர்களுக்கும் கன்னடத் தொண்டர்களின் துணை வேண்டும். 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர் காரணமாக இந்த ஊரில் கலவரம் நடந்தது. பெரியவர்கள் அதை மறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த நாட்கள் அவை. 2009 ஆகஸ்டில் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும், சென்னையில் சர்வஞ்ஞர் சிலையும் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் சிலை பார்க்க எத்தனை பேர் போகிறார்கள்? நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவம் அன்று இந்தப் பள்ளியில் மஞ்சள், சிவப்புக் கொடி ஏற்றினார்கள். அன்று இனிப்பு கொடுத்தவர்கள் தமிழ்த் தொண்டர்கள். இன்று எள்ளு-பெல்லா கொண்டு வந்தவர்கள் கன்னடத் தொண்டர்கள்.

அந்தத் தட்டின் பக்கத்தில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருக்கின்றன, பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் இருக்கிறது. மேலே தமிழில், கீழே கன்னடத்தில். எழுதியவர்கள் போன வருடம் படிக்க வந்தவர்கள். கன்னடத்தில் சில பெயர்களுக்குக் கால் விட்டுப் போயிருக்கிறது. பரவாயில்லை, எடுக்கும்போது திருத்திக்கொள்ளலாம், பென்சில் அங்கேயே இருக்கிறது. யாரும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். உங்கள் பெயரை நீங்களே தேடிப் படித்து எடுங்கள். பிறகு பொங்கல் சாப்பிடலாம். பானை பொங்கிவிட்டது.