நோயைத் தடுக்கும் சக்தியைப் பறிப்பது எது?

(உவரி கடற்கரையில் மீனவர்கள், பனைத் தொழிலாளர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வள்ளத்தில் தண்ணீர் ஏறினால் மூன்று காரணம் தேடுவோம். ஓடாவி கட்டும்போதே பலகையில் பழுதா? பிறகு பாறையில் மோதியதா? அல்லது பழுது பார்க்கக் காசில்லாமல் இற்றுப்போனதா? நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைவதற்கும் இதே மூன்று காரணங்கள்தான்.

முதலாவது, பிறவிக் குறை. 1952-இல் அமெரிக்க ராணுவ டாக்டர் புரூட்டன், ஓயாமல் நோய்வாய்ப்பட்ட ஒரு சிறுவனின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் புரதமே இல்லை என்று கண்டார். இத்தகைய குறைகளில் சில, தாய் மூலமாக ஆண் குழந்தைகளுக்கு வருகின்றன. வேறு சில, தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளைக்கு வருகின்றன. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தில் இந்த இரண்டாம் வகை கூடுகிறது. இது எந்தத் தெய்வத்தின் சாபமும் அல்ல. தாயின் குற்றமும் அல்ல.

ஒரு வீட்டில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து கிருமி நோயால் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி போடுமுன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். கடுமையான பிறவிக் குறையுள்ள குழந்தைக்கு அந்த ஊசி ஆபத்து. பொதுவாக மற்றக் குழந்தைகளுக்கு அது அவசியம். கடுமையான குறைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று வைத்தியம் உண்டு. 2021-இல் வந்த அரிய நோய்க் கொள்கைப்படி சர்க்கார் உதவியும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட சில ஆஸ்பத்திரிகளில்தான் அது கிடைக்கும். கட்டுமரம் தள்ளிப் பிழைப்பவன் அங்கே போய்ச் சேருவது எப்படி?

இரண்டாவது, எச்.ஐ.வி. கிருமி. இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் ரத்தம் சேகரித்து, வேலூரில் சோதித்துக் கண்டார்கள். ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, ஒரே வள்ளத்தில் போவதாலோ இது தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், பலருக்கும் போட்ட ஊசி, தாயிடமிருந்து பிள்ளை ஆகியவையே இதன் வழிகள். 2018-இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்திலேயே இக்கிருமி இருந்தது. அந்தத் தாய் செய்த பாவம் என்ன?

மருந்து இருந்தும் ஏழைக்கு எட்டாத காலம் ஒன்று இருந்தது. பன்னாட்டுக் கம்பெனிகள் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டன. 2001-இல் நம் நாட்டு சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஏகபோகத்தின் கொள்ளை அம்பலமாயிற்று! 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து தொடங்கிற்று. 2005-இல் பேடண்ட் சட்டம் திருத்தப்பட்டபோது, இடதுசாரிகள் வற்புறுத்திப் பாதுகாப்பு ஷரத்துகளைச் சேர்க்கவைத்தார்கள். இன்று ஒழுங்காக மருந்து உண்பவர் நெடுநாள் வாழலாம், உழைக்கலாம்.

மூன்றாவது, பசி. உலகில் எதிர்ப்புச் சக்தியை அதிகமாகக் குலைப்பது இதுவே. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வெளிவந்தது. நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த குடும்பங்களைவிட, இவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது! அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. நாம் பிடிக்கும் நல்ல மீன் ஐஸ் பெட்டியில் ஏறி ஏற்றுமதிக்குப் போகிறது. நம் பிள்ளை கஞ்சியோடு படுக்கிறது.

பலகைப் பழுதை விஞ்ஞானம் கவனிக்கும். இற்றுப்போவதைத் தடுப்பது நம் போராட்டம். காசநோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டார் அனைவருக்கும் உணவு கேட்போம். மீன்பிடி தடைக்கால நிவாரணத்தை உயர்த்தக் கேட்போம். பிறவிக் குறைக்கான பரிசோதனையும் வைத்தியமும் மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே வேண்டும் என்று கேட்போம். எச்.ஐ.வி. உள்ளவரிடம் பாகுபாடு காட்டுவதை 2017 சட்டமே தடை செய்கிறது. நம் கரையில் எவரும் ஒதுக்கப்படக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளை வீடு வீடாக எடுத்துச் செல்லுங்கள், தோழர்களே!