ஆணியை எடை போடுவோம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இரும்பு துருப்பிடிக்கும் சோதனையை நாம் எல்லோரும் செய்துகாட்டியிருக்கிறோம். மூன்று சோதனைக்குழாய்கள், மூன்று ஆணிகள். ஒன்றில் சாதாரண நீர். அடுத்ததில் காய்ச்சிய நீர், அதன்மேல் எண்ணெய். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. முதல் ஆணி மட்டுமே துருப்பிடிக்கும் என்கிறது பாடநூல்.

ஒருமுறை என் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், எண்ணெய் ஊத்துன குழாயிலயும் துரு இருக்கு" என்றாள். பார்த்தேன், இருந்தது. பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. "புத்தகத்துல இருக்கிறபடி எழுதும்மா" என்றேன். எழுதினாள். முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

தவறு என்னுடையது. காலையில் காய்ச்சிய நீரைத் திறந்தே ஆறவைத்துவிட்டு, மதிய உணவுக்குப் பிறகுதான் எண்ணெய் ஊற்றியிருந்தேன். கொதித்தபோது வெளியேறிய ஆக்சிஜன், ஆறும்போது மறுபடி கரைந்துவிட்டது. அவள் பார்த்தது சரி. நான் எழுதவைத்ததுதான் பொய்.

கண்ணில் பட்ட துருவை இப்படி மறைத்தால் உயிரே போகும் இடங்கள் உண்டு. பாம்பன் கடலின் மேல் 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு மேல் அது ரயிலைத் தாங்கியது. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே இரும்பு ஓரிடத்தில் அயனியாகக் கரைவதும், அது விட்ட எலக்ட்ரான்கள் வேறோர் இடத்தில் ஆக்சிஜனைச் சேர்வதும் வேகமாக நடக்கும். வண்ணப்பூச்சில் ஒரு கீறல் போதும். பூச்சுக்கு அடியிலேயே துரு பரவிவிடும். அதனால்தான் அத்தகைய பாலங்களில் ஆய்வு செய்வதும், சுரண்டுவதும், மறுபடி பூசுவதும் ஓயாத வேலை.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, நம் ஊர் வழக்கில் 'சிக்ரி'க்கு, பாம்பனை அடுத்த மண்டபத்தில் அரிமானச் சோதனை மையம் இருக்கிறது. இத்துறையின் அடிப்படைச் சோதனை மிக எளியது. உலோகத் துண்டை எடை போட்டு, கடற்காற்றிலோ கடல்நீரிலோ வைத்து, பல மாதங்கள் கழித்துத் துருவை நீக்கி மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடையிலிருந்து ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் கரைகிறது என்று கணக்கிடலாம்.

இதை நாமும் செய்யலாம். நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு போதும். கடையில் வாங்கும் ஆணியில் துத்தநாகப் பூச்சு இருந்தால் துரு எளிதில் வராது. பூச்சில்லாத ஆணியாகக் கேட்டு வாங்குங்கள். சில ஆணிகளை உப்புநீரிலும், சிலவற்றைக் குடிநீரிலும் ஒரு மாதம் வையுங்கள். பிறகு வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் துரு போய்விடும். வினிகர் நல்ல இரும்பையும் கொஞ்சம் கரைக்குமே என்று ஒரு பிள்ளை கேட்டால், பாராட்டுங்கள். துருப்பிடிக்காத புது ஆணி ஒன்றையும் அதே நேரம் வினிகரில் போட்டு, அதன் எடைக்குறைவைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்திலும் அதுதான் முறை.

எடையை மட்டும் நம்பவும் கூடாது. மொத்த எடை அதிகம் குறையாமலே ஓரிடத்தில் ஆழமான குழி விழுந்திருக்கும்; குழாய்கள் ஓட்டையாவது பெரும்பாலும் அப்படித்தான். கைலென்சால் பார்த்து, குறிப்பேட்டில் எண்ணோடு படமும் வரையச் சொல்லுங்கள். எண்ணெய்க் குழாயில் துரு வந்திருந்தால், அதையும்.