இரக்கம் பணத்திலா, பட்டினியிலா?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமானது, பிறர் துன்பத்தைத் தன் துன்பமாய் உணரும் குணம் ஏழையிடம் அதிகமா, பணக்காரனிடம் அதிகமா என்பதாகும். பணம் சேர்ந்தால் மனம் கல்லாகிவிடும் என்பது ஒரு கட்சி. வயிறு காய்ந்தவனுக்குத் தன் பாடே பெரும்பாடு, அவன் எங்கே பிறருக்கு இரங்கப் போகிறான் என்பது மற்றொரு கட்சி. ஆராய்ச்சிக்காரர்களாவது ஒருமுகமாய்ச் சொல்லுகிறார்களா என்றால் அதுவுமில்லை. 2010-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் சோதித்து, கீழ்நிலையில் உள்ளவர்களே தாராளமாய்க் கொடுக்கிறார்கள் என்றார்கள். 2015-ல் ஜெர்மன் ஆராய்ச்சிக்காரர்கள் பல்லாயிரம் பேர் கணக்கைப் பார்த்து, வசதியுள்ளவர்களே அதிகம் உதவுகிறார்கள் என்றார்கள்.

ஆகவே நாம் சரித்திரத்திலிருந்து ஒரே மனிதரை எடுத்துப் பார்ப்போம். அவர் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆங்கில உத்தியோகஸ்தர். 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரண வேலையைப் பார்த்தவர் இவரே. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியைத் தருவித்தார். பட்டினிச் சாவு மிகச் சொற்பமே. இதற்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன? சர்க்கார் பணத்தைப் பாழாக்கினார் என்ற ஏச்சுத்தான்!

பிறகு தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877 ஜனவரி 1-ந் தேதி வைசிராய் லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியென்று பறைசாற்றினார். அதே மாதத்தில் டெம்பிளைச் செலவைக் குறைக்கச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். வந்தவர், நாள் முழுதும் நிவாரண வேலையில் பாடுபடும் ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு போதும் என்று திட்டம் செய்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தலாவது வேண்டும், காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச்சில் படி கொஞ்சம் உயர்ந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டவர்களோ, குறைந்த கணக்கின்படியே 50 லட்சத்துக்கு மேல்.

இந்த மூன்று வருஷத்துக்குள் ஏழையாயிருந்த டெம்பிள் பணக்காரராகிவிட்டாரா? அல்லது பணக்காரராயிருந்தவர் ஏழையாகிவிட்டாரா? இரண்டுமில்லையே! இரங்கினால் ஏச்சு, சிக்கனம் பிடித்தால் மெப்பு என்றிருந்தது. அதற்குத் தக்கபடி நடந்தார். பசித்தவன் அவரைக் கணக்குக் கேட்க முடியாது. மேலே இருப்பவர் கேட்பார். எதிர்த்து நின்ற கார்னிஷும் பட்டினி கிடந்தவரல்ல, அதே சர்க்காரின் சம்பளக்காரர்தான்.

ஏழைகளை மட்டும் நாம் புகழ வேண்டியதில்லை. அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவனே, தனக்குக் கீழ்ச்சாதி என்று நினைப்பவனைக் கிணற்றண்டை விடாத ஊர்களை நாம் பார்த்ததில்லையா? அங்கே அவன் கண்ணை மறைப்பது பணமா? நம்மைப் போன்ற மனிதனே அவனும் என்ற எண்ணம் இல்லாதவிடத்தில், தங்கத் தட்டில் தின்பவனுக்கும் இரக்கம் வராது, மண் சட்டியில் தின்பவனுக்கும் வராது.

ஆகவே தோழர்களே! பிரபுக்களின் மனம் இளகட்டும் என்று காத்திருப்பது வீண். இரங்கினால் சோறு, இரங்காவிட்டால் சாவு என்ற ஏற்பாடே ஒழிய வேண்டும். 2013-ல் இந்திய சர்க்கார் செய்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் பாத்தியதையாக்கிற்று. அது போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் அதை வாங்கப் போகிறவன் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. குறைந்தால் ஏன் என்று கேட்கலாம். அப்படிக் கேட்கும் தைரியத்தை ஒவ்வொருவரும் பெற வேண்டும். தனக்குக் கீழென்று நினைத்தவன் கேட்கும்போது பதில் சொல்லும் யோக்கியதையையும் பெற வேண்டும்.