ஊருக்கு ஒரு நீர்க் கணக்கு
(ஆண்டிமடம் வட்டார உழவர்களுக்கான உரை)



உலக நீர் நாள், சுற்றுச்சூழல் நாள், மரம் நடு விழா என ஆண்டுதோறும் பல விழாக்கள் ஊருக்கு வருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள், கன்று நடுகிறோம், கலைந்து விடுகிறோம். விழா நல்லதுதான். ஆனால் மறுநாள் ஊரில் என்ன வேலை நடக்கிறது என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

மழையே நம் முதல்

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் கிடைக்கிறது. ஐப்பசியில் ஓர் இரவில் பத்து சென்டிமீட்டர் கொட்டினால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர்! நம்முடையது செம்மண்ணும் முந்திரியும் மானாவாரியும் நிறைந்த பகுதி. ஏரி, குட்டை, கிணறு, ஆழ்குழாய்க் கிணறு ஆகிய அனைத்துக்கும் மழையே முதல். அது நிலத்தில் இறங்காமல் ஓடினால் மேல்மண்ணையும் அள்ளிச் செல்கிறது. அந்த மண் போய் ஏரியைத் தூர்க்கிறது. காட்டிலும் நட்டம், ஏரியிலும் நட்டம்.

நம் மாவட்டத்திலேயே இரண்டு பாடங்கள் உள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கத்தை இன்று பொன்னேரி என்கிறோம். வரத்து வாய்க்கால் தூர்ந்து போனால் அரசன் வெட்டிய ஏரியும் நிரம்பாது. மற்றொன்று கரைவெட்டி ஏரி. பாசனத்துக்கும் பயன்பட்டு, பறவைகளுக்கும் புகலிடமாக இருக்கும் அந்த ஏரி 2024-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டுங்கள். ஏரி என்பது வெறும் பள்ளம் அல்ல என்பது அவர்களுக்கு விளங்கும்.

மார்ச் 22-இல் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுவதென ஏற்பாடாயிற்று. அவற்றுள் ஒன்று உலக நீர் நாளான மார்ச் 22. அன்று ஊரின் நீர்க் கணக்கைப் படியுங்கள். கணக்கு எடுப்பது எளிது. பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, மழை பெய்த நாளெல்லாம் மாணவர்கள் குறித்து வரட்டும். ஊரின் நான்கு திசைகளிலும் ஒவ்வொரு திறந்த கிணற்றைத் தேர்ந்து, மாதம் ஒரு முறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளக்கட்டும். அளவுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். தன் பிள்ளை எழுதிய கணக்கைத் தகப்பன் படிக்காமல் போகமாட்டான்.

கூட்டம் கலையுமுன் மூன்று வேலைகளை முடிவு செய்யுங்கள்.

முதலாவது, வரத்து வாய்க்கால். எல்லோரும் சேர்ந்து அதன் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்து பாருங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே வரப்பு வாய்க்காலுக்குள் நகர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பக்கத்து நிலக்காரர் நம் பங்காளியாக இருக்கலாம். நாமாகவே கூட இருக்கலாம். இரண்டடி நிலத்துக்காக ஊர் ஏரி காயலாமா? வருவாய்த் துறையின் அளவைக் கேட்டு, சண்டையில்லாமல் வாய்க்காலை அதன் அகலத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

இரண்டாவது, வண்டல் மண். ஏரி, குளங்களின் வண்டலை விவசாயப் பயனுக்குக் கட்டணமின்றி எடுக்க விதி உண்டு. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி பெறலாம். அளவு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். அனுமதித்த இடத்தில், அனுமதித்த ஆழம் வரை மட்டுமே எடுங்கள். கரையின் அடியைத் தோண்டாதீர்கள். ஏரி ஆழமாகும், இழந்த மண்ணும் காட்டுக்குத் திரும்பும்.

மூன்றாவது, முந்திரித் தோப்பு. சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். ஒவ்வொரு மரத்தின் தாழ்ந்த பக்கத்திலும் பிறை வடிவில் வரப்பு எடுங்கள். கொட்டை பொறுக்குவதற்காகப் பெருக்கிய சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். சருகு மூடிய மண்ணில் மழைத்துளி நேரே அறையாது. நீரும் நின்று இறங்கும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு தட்டுகள் போதும். இரண்டிலும் மண் நிரப்பி, ஒன்றின் மேல் மட்டும் சருகு பரப்பி, சற்றே சாய்த்துப் பூவாளியால் நீர் ஊற்றட்டும். வழிந்து வரும் நீரின் நிறமே பாடம் சொல்லும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில், ஏற்ற வேலைகளில் எவை முடிந்தன என்று கேளுங்கள். நவம்பர் 1 கூட்டம் பருவமழைக் காலத்தில் வருகிறது. வாய்க்காலில் நீர் வருகிறதா என்று அப்போது நேரில் பாருங்கள். ஜனவரி 26-இல் கிணறு எத்தனை அடி ஏறியது என்று கணக்குப் படியுங்கள்.

தண்ணீர் கீழே போகப் போக ஆழ்குழாயைக் கடன் வாங்கி இறக்குகிறோம். அந்தக் கடனும், வற்றிய நிலமும் பிள்ளைகள் தலையில் விழக்கூடாது. வரும் மார்ச் 22-இல் உங்கள் ஊரின் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டுகிறேன்.